துண்டின் மறுமுனை

சுடலைமணி சார் பேச ஆரம்பித்துவிட்டார். இனி அவர் எழுந்து நின்று ‘சரி, நான் வாரேன்’ என்று சொல்லும்வரைக்கும் உலகம்மாளுக்கு மேடையில் வாயைத் திறக்கிற சோலியே கிடையாது. சொளகை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்த நாடகத்துக்கும் இரண்டே பேர். பெண்டாட்டி செத்ததிலிருந்து யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத ஒரு மனுஷன், பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்டு வருகிறார், வந்தவர் பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார், அந்த வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் கேட்கிறாள். அவர் கிளம்பும்போது ‘சாப்பிட்டீங்களா’ என்று ஒரு வார்த்தை கேட்கிறாள். கேட்டுவிட்டுக் கையை நீட்டுகிறாள். அவர் பிடித்துக்கொள்கிறார். விளக்கு மெல்ல மெல்ல அணைகிறது. அம்புட்டுதான் கதை. இதற்குப் போய் இரண்டு மாச ஒத்திகையா என்று அவள் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் கேட்டார். கேட்கத்தான் செய்வார். அந்தக் கையை நீட்டுகிற இடத்துக்கு வந்து சேருவதற்கு எவ்வளவு பாடு என்று அவருக்கு என்ன தெரியும். சார் இப்போது மீட்டர் கணக்கெடுக்க வந்தவனோடு வேண்டுமென்றே சண்டை போட்ட கதையைச் சொல்கிறார், தப்பாகப் பார்க்கிறாய், நல்லாப் பாரு என்று அவனை நிற்கவைத்தது, ஒரு மனுஷக் குரல் வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்பதற்காக. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். நல்லது, இறங்கிவிட்டது, கேட்கிறார்கள். கேட்கட்டும். கேட்டு என்ன செய்ய, கடைசியில் இந்த மனுஷனுக்குக் கிடைக்கப்போவது ஒரு துண்டின் முனை.

துண்டு. அந்த எளவெடுத்த துண்டு சாரின் இடது தோளில் கிடக்கிறது, வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை. ஒத்திகை நடந்தது நாடக மன்றத்துக்குப் பின்னால் வாசகசாலை ஹாலில். வெள்ளிக்கிழமை மன்றம் என்று பேர், நாடகம் போடுவதெல்லாம் சனிக்கிழமை, அந்தக் கூத்தைக் கேட்க ஆளில்லை. ஹாலில் சுற்றிலும் சன்னல், பேப்பர் படிக்க வருகிறவர்கள் பேப்பரை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். முதல்நாள் கடைசிக் காட்சி வந்தபோது உலகம்மாள் கையை நீட்டினாள். சார் ஒரு கணம் தயங்கிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். ஒத்திகைக்கு இது போதும் மேடம், மேடையில் பார்த்துக்கலாம் என்றார். அடடா, எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று நினைத்தாள் அன்றைக்கு. மரியாதையாம். சன்னலுக்கு வெளியே நின்றது யார் யார் என்று அவர் பார்த்தார், இவள் பார்க்கவில்லை, அதுதான் விஷயம். அவர் பிறந்து வளர்ந்த தெருவிலிருந்து பார்க்கிறவருக்கு அதெல்லாம் கண்ணில் படும். இவளுக்கு எங்கே படும், இவள் வளர்ந்தது தேரோடும் வீதியில். அதற்கப்புறம் தினமும் துண்டுதான். பழகப் பழக அது நன்றாக வேறு இருந்தது, அதுதான் கொடுமை. அவர் இழுக்க, இவள் விட, துண்டு விறைக்க, தளர. டைரக்டர் செல்வின் தாடியைத் தடவிக்கொண்டே எழுந்து வந்து, இது ஒரு படிமம் என்றான். தொடாமல் தொடுவது என்றான். அவன் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடமாட்டான், டீ குடிக்கும்போதுகூடப் படிமம், படிமம். கையைப் பிடிக்கப் பயந்துபோய்க் கண்டுபிடித்த ஒரு சமாளிப்பு, இரண்டு மாசத்தில் கலையாகிவிட்டது. வேறு எந்த ஊரிலாவது இப்படி நடக்குமா. சாரின் குரல் தணிகிறது, ஆஸ்பத்திரிக் கட்டம் வரப்போகிறது, செத்துப்போன சம்சாரத்தின் விரல்களைப் பற்றிச் சொல்கிற இடம். உலகம்மாள் ஒரு காம்பை எடுத்து நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவினாள். இலைகள் சொளகில் விழுந்தன.

கொஞ்சம் வேகமாக உருவிவிட்டோமோ. மெதுவாப் போ, உலகு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். உலகு என்று அவளைக் கூப்பிடுகிறவர் பெரியத்தான் ஒருத்தர்தான், வீட்டுக்காரருக்கு அண்ணன், மன்றத்துக்குச் செகரட்டரி, அவர்கள் குடியிருக்கிற வீட்டின் மாடிக்குச் சொந்தக்காரர். எல்லாமே அவர்தான். இன்றைக்குச் சாயங்காலம் மேக்கப் ரூமுக்கு வந்தார், சந்தனக்கலர் சட்டை, என்றைக்கும் உள்ள அதே ஜவ்வாது வாசம். உக்காரு உக்காரு என்று சொல்லிக்கொண்டே தான் உட்கார்ந்தார். ஒத்திகை பார்த்தேன், ரொம்ப நல்லா வந்திருக்கு என்றார். அந்தத் துண்டு இருக்கு பாரு, அது அப்படியே இருக்கட்டும், என்ன ஒரு அழகு என்றார். மேடையில் கை பிடிக்கிறதாகத்தானே பெரியத்தான் எழுதியிருக்கு என்று இவள் சொன்னதற்கு, குடும்பத்தோட வருவாவ உலகு, பொம்பளப் பிள்ளைய வரும் என்றார். குடும்பம். ஏன், போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இதே மேடையில் ஒரு சிரிப்பு நாடகம் போட்டார்களே, அதில் புருஷனாக நடித்த காந்திமதிநாதன் இவள் கையைப் பிடித்து மேடை முழுக்கத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினானே, ஒரு கட்டத்தில் இடுப்பைக்கூடப் பிடித்துத் தொலைத்தான், அன்றைக்குக் குடும்பங்கள் வரவில்லையா. வந்தன. முன்வரிசையில் உட்கார்ந்து பெரியத்தான் தொடையைத் தட்டிச் சிரித்தார். முடிந்ததும் இரண்டு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார். காந்திமதிநாதன் நம்ம ஆள். அவன் கை நம்ம கை. அதைப் பிடித்தால் சிரிப்பு. இப்போது நீட்டப்போகிற கை வேறு தெருவின் கை, அதனால் துண்டு அழகு. இதை அவர் வாயால் சொல்லமாட்டார், கோடி கொடுத்தாலும் சொல்லமாட்டார், கேட்டால் நான் அப்படிப்பட்டவனா என்று கண்ணில் தண்ணீர் வேறு வைப்பார். இவளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பவுடரைப் பூசிக்கொண்டே சரி பெரியத்தான் என்று தலையை ஆட்டினாள், இத்தனை வருஷம் ஆட்டிய அதே தலை. அவர் போனபிறகுதான் வந்தது பாருங்கள் கோபம், பவுடர் டப்பாவை மூடாமலே தள்ளிவைத்தாள். துண்டும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், மேடையில் நான் கையைத்தான் பிடிப்பேன், என்ன ஆகிவிடும். மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரை நிறுத்துவாரா, நிறுத்தட்டும். இனிமேல் மேடை ஏறக்கூடாது என்பாரா. இந்த மன்றத்தில் ஏறக்கூடாது என்பார். அதை மட்டும் தாங்க முடியாது, இந்தப் பலகைமேல் உட்கார்ந்திருக்கிறபோதுதான் உலகம்மாள் உலகம்மாளாக இருக்கிறாள், மற்ற நேரமெல்லாம் பண்டகசாலையில் சீனியும் பாமாயிலும் போடுகிற அம்மா. ஆனாலும் சரி. பிடிக்கத்தான் போகிறேன் என்று முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டிக்கொண்டு நேராகப் போய்ச் சாரிடம் சொன்னாள், அங்கேதான் மாட்டிக்கொண்டது.

சார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, வேண்டாம் மேடம் என்றார். அவ்வளவு சாதாரணமாக. கணக்கு வாத்தியார் அவர், தப்பான விடையைப் பார்த்தால் இல்லை என்று சொல்கிற மாதிரி. என்ன சார் நீங்களே இப்படிச் சொன்னா எப்படி என்று இவள் படபடத்தாள், இது நாடகம் சார், இந்தக் கை இல்லேன்னா இந்த நாடகத்தில என்ன இருக்கு என்றாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

“உங்களுக்கு நாளைக்கு வீட்டுல சண்டை வரும் மேடம். எனக்கு இன்னைக்கே பஸ்ஸு இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவ்வளவுதான் வித்தியாசம். அவர் ஏறவேண்டிய பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும், நிறுத்தத்து டீக்கடைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் எவனெவன், அவன்களில் எத்தனை பேர் இன்றைக்கு இங்கே பின்வரிசையில் இருக்கிறான்கள், இதையெல்லாம் அவர் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார். இவள் போட்ட கணக்கு மாடித் தண்ணீரோடு நின்றுவிட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். இந்த இரண்டு மாசத்தில் ஒத்திகைக்கு வடையோ சுண்டலோ வந்தால் சார் கையை வைத்ததே இல்லை. இப்பத்தான் சாப்பிட்டேன் மேடம் என்பார். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருப்பார், முகம் வாடிக் கிடக்கும், ஆனால் இப்பத்தான் சாப்பிட்டேன். இவளும் அப்படியா சார் என்று தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ஒருநாளாவது பொய் சொல்லாதீங்க சார் என்று சொல்லியிருக்கலாம். இப்போது ஆறுமுகநயினார் மூன்றாவது வரிசையில் இருக்கிறார், அவர் இருமல் கேட்கிறது, அவர் இருமினால் விழித்திருக்கிறார் என்று அர்த்தம். நல்ல மனுஷன், யாரையும் ஒரு சொல் சொல்லமாட்டார். எனக்கென்ன, அண்ணன்தான் சொல்லுதான் என்பார். எல்லாவற்றுக்கும் அண்ணன்தான் சொல்லுதான். உங்களுக்கென்று ஒரு நாக்கு வைத்துப் படைக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும், கேட்டதில்லை. சரி, இப்போது என்னதான் செய்வது. பிடித்தால் நான் வீராங்கனை, அடி வாங்குவது அவர். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் எட்டிப் பிடித்தால் அது மட்டும் என்ன, காலமெல்லாம் எங்கள் ஆட்கள் செய்த வேலைதானே, அடுத்தவனைக் கேட்காமல் அவனுக்கும் சேர்த்து முடிவு பண்ணுகிற வேலை. பிடிக்காவிட்டால் பெரியத்தானுக்கு ஜெயம், துண்டு அழகு, செல்வினுக்குப் படிமம். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் போக முடியவில்லை. நீட்டிக்கொண்டு சும்மா இருந்தால் என்ன. வெறுங்கையை நீட்டுவேன், துண்டை நான் வாங்கமாட்டேன், அவர் இஷ்டம். ஆனால் நீட்டினாலே அவரை ஊர்முன்னால் மாட்டிவிட்டது போலத்தானே. பிடிக்காவிட்டால் கோழை என்பான்கள், பிடித்தால் திமிர் என்பான்கள்.

விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. குனிந்து பார்த்தாள். கீரை தீர்ந்துவிட்டது. ஆத்தாடி. ஒரு கட்டுக் கீரை, நிதானமாக உருவினால் சார் எழுந்திருக்கிற வரைக்கும் வரும், அதுதான் இவளுக்குக் கடிகாரம், அந்தக் கணக்கை வைத்துத்தான் இரண்டு மாசம் நடித்திருக்கிறாள். இன்றைக்குக் கோபத்தில் உருவித் தள்ளிவிட்டாள், மொட்டைக் காம்புகள் ஒரு பக்கம், இலை ஒரு குவியல். சார் எங்கே இருக்கிறார் இப்போது, எந்த இடத்தில். ஆஸ்பத்திரி தாண்டிவிட்டதா. அவர் குரல் காதில் விழுகிறது, வார்த்தை விழவில்லை. இவள் ஒரு மொட்டைக் காம்பை எடுத்து இல்லாத இலையை உருவினாள். முன்வரிசையில் பொம்பளைகள் இருக்கிறார்கள், கண்டுபிடித்துவிடுவார்கள், ஆம்பளைகளை ஏமாற்றலாம், முருங்கைக்கீரை விஷயத்தில் பொம்பளைகளை ஏமாற்ற முடியுமா. குவியலைக் கிளறிப் பழுத்த இலையைப் பொறுக்குகிற பாவனையில் விரலை ஓட்டினாள். வேர்த்தது. பக்கவாட்டுத் திரையோரம் சந்தனக்கலர் சட்டை தெரிந்தது. ஏன் அங்கே நிற்கிறார், முன்வரிசை நாற்காலியை விட்டுவிட்டு லைட் போர்டு பக்கத்தில் இவருக்கு என்ன வேலை. காவலுக்கு நிற்கிறார். இவள் தலையை ஆட்டியதை அவரே நம்பவில்லை. நம்பாதீங்க பெரியத்தான், அதுவும் சரிதான். அட, ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது. மேடையில் யாரும் பேசவில்லை. சார் எழுந்து நிற்கிறார். சொல்லிவிட்டாரா. ‘சரி, நான் வாரேன்’ சொல்லிவிட்டாரா. சொல்லித்தான் இருப்பார், நிற்கிறாரே, இவளைப் பார்க்கிறாரே. இப்போது இவள் கேட்கவேண்டும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. கேட்டால் அடுத்தது கை. கை எந்தக் கை, துண்டா, வெறுங்கையா, இன்னும் முடிவு ஆகவில்லையே. ஆறுமுகநயினார் இருமினார். எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எதிர்ப்பக்கத் திரையோரத்தில் செல்வின் வாயசைத்து அவள் வசனத்தை எடுத்துக் கொடுக்கிறான், தாடி மட்டும் ஆடுகிறது. போச்சு, எல்லாம் போச்சு, மானம் போச்சு.

சார் மறுபடியும் உட்கார்ந்தார். நாடகத்தில் அப்படிக் கிடையாது. கிளம்ப மனசில்லாத மனுஷன் உட்கார்கிற மாதிரியே உட்கார்ந்தார், பார்த்தவர்கள் யாருக்கும் தப்பாகத் தெரிந்திருக்காது. தீப்பெட்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுதப்படாத வசனத்தைச் சொன்னார், அவசரமில்லாமல், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில்.

“நான் உங்க வாசல்ல வந்து உக்காந்திருக்கது பல பேருக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் வந்தேன்.”

உலகம்மாள் நிமிர்ந்தாள். சார் தோளிலிருந்து துண்டை எடுத்தார். நாலாக மடித்தார். பொறுமையாக, ஓரம் ஓரத்தோடு சேர மடித்துப் பக்கத்தில் பெஞ்சின்மேல் வைத்து, பறந்துவிடாமல் இருக்கட்டும் என்பதுபோல அதன்மேல் தீப்பெட்டியை வைத்தார். எழுந்தார். சரி, நான் வாரேன் என்றார். மேக்கப் ரூமில் வேண்டாம் என்று சொன்ன மனுஷன். பஸ், டீக்கடை, பின்வரிசை எல்லாம் அப்படியே இருக்கிறது, ஒன்றும் மாறவில்லை, அவரே யோசித்து அவரே முடிவு கட்டிவிட்டார், இவளுக்காக அல்ல, அவருக்காக. இத்தனை நேரம் இவள் அவருக்காகவும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தாள், சேர்த்து வீரமாகவும் இருந்துகொண்டிருந்தாள். யாரம்மா உன்னைக் கேட்டது. சிரிப்பு வந்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சத்தம் நன்றாகவே வந்தது. கையை நீட்டினாள், கீரைப் பிசுக்கோடு. அவர் கை வந்தது. வருகிறபோது இவள் கை, இவளைக் கேட்காமலே, ஒரு நூலளவு பின்னால் போனது. அதை இவள் பார்த்தாள். அவரும் பார்த்திருப்பார். இவ்வளவு பேசிய கை. சீ என்று தன்னைத்தானே வைதுகொண்டு எட்டிப் பிடித்தாள், இறுகப் பிடித்தாள், சாக்பீஸ் பிடித்துப் பிடித்துத் தடித்த விரல்கள், வேர்த்திருந்தன, இவள் விரல்களும்தான். பிடித்த அந்தக் கணமே சடக்கென்று விளக்கு அணைந்தது.

மெல்ல அணைய வேண்டிய விளக்கு. ஒரே இருட்டு. கூட்டத்தில் சலசலப்பு, முடிஞ்சிட்டா, கரண்டு போயிட்டா என்று கேட்கிறார்கள். இருட்டில் லைட் போர்டு பக்கமிருந்து ஜவ்வாது வாசம் வந்தது, வராமல் எங்கே போகும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஒரு கண்மூடித் திறக்கிற நேரம், நாளைக்குக் கேட்டால் துண்டைத்தான் பிடித்தார்கள் என்று சொல்லிவிடுவார். சாரின் விரல்கள் தளர்ந்தன, நாடகம் முடிந்தது என்று நினைத்தாரோ என்னவோ. இவள் விடவில்லை. இருட்டில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் அடுக்களையிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில், ஆனால் அந்த வீட்டில் ஒருநாளும் கூப்பிடாத விதமாகச் சொன்னாள்.

“வெளக்கப் போடுங்க பெரியத்தான். இன்னும் முடியல.”

பெரியத்தான் என்றால் யார் என்று அந்த ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. சலசலப்பு நின்றது. அந்த அமைதியில் மூன்றாவது வரிசையிலிருந்து ஆறுமுகநயினாரின் இருமல் கேட்டது, பிறகு அவர் குரல், மெலிசாக, போடுண்ணே என்று. அவர்தானா அது. அவர்தான். யார் விரல் பட்டதோ, விளக்கு வந்தது. மொத்த விளக்கும், கண் கூச. இரண்டு பேரும் கையைப் பிடித்தபடியே இருந்தார்கள், துண்டு பெஞ்சில் மடித்த மேனிக்குக் கிடந்தது, கூட்டம் முழுக்கப் பார்த்தது, பின்வரிசை உட்பட. பார்க்கட்டும். யாரும் கைதட்டவில்லை. சாப்பிட்டீங்களா என்ற கேள்விக்குப் பதில் இருக்கவே கூடாது என்று செல்வின் தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தான். சார் அவள் முகத்தைப் பார்த்தார்.

“இல்லம்மா. இன்னும் சாப்பிடல,” என்றார்.

“அப்ப உக்காருங்க,” என்றாள் உலகம்மாள்.